தண்ணீர் இந்தப் பக்கம், சாக்கடை அந்தப் பக்கம்

வீட்டை இரண்டாகப் பிரித்தபோது சுவர் எந்த இடத்தில் வர வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் நூல் பிடித்தார்கள், சண்டை பிடித்தார்கள், மறுபடியும் நூல் பிடித்தார்கள். தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. சுவர் எழும்பிப் பூச்சு காய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் மீட்டரும் அதன் வால்வும் அண்ணன் பக்கம் மாட்டிக்கொண்டன. இரண்டு வீட்டுக் கழிவுநீரும் சேர்ந்து தெருக்குழாய்க்குப் போகிற தொட்டி, தம்பியின் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நல்லா பங்கு பிரிச்சீங்க போங்க," என்றார் கொத்தனார். "ஒருத்தருக்கு வாயி. ஒருத்தருக்கு..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

மாநகராட்சியைப் பொறுத்தவரை அது இன்னும் ஒரே வீடுதான். செத்துப்போன அப்பா பெயரில் ஒரே இணைப்பு, ஒரே பில், வாசலில் ஒரே குப்பைத் தொட்டி. தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, இரண்டு பேரும் ஜோடியாக வந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஜோடியாகப் போகிற அளவுக்கு உறவு இருந்தால் சுவர் எதற்கு? அப்படியே கிடக்கட்டும் என்று விட்டாயிற்று. ஆக, உள்ளே வருகிற தண்ணீருக்கு மூத்தவர் மனைவி பெரியவள் காவல். வெளியே போகிற தண்ணீருக்கு இளையவர் மனைவி சின்னவள் காவல். ஒருத்தி கழுத்தில் ஒருத்தி கைவைத்தபடியே குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவளுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால் கெட்டியாக இருந்தால் மாவு கலந்திருக்கிறான் என்பாள். நீர்த்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறான் என்பாள். ரெண்டும் இல்லாமல் சரியாக இருந்துவிட்டால், "என்ன இன்னைக்கு இவ்ளோ சரியா இருக்கு?" என்று பாத்திரத்தை மோந்து பார்ப்பாள். ஆனால் இந்தக் குணம்தான் அவளுக்குச் சோறும் போட்டது. முன்கூடத்தில் பிள்ளைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். எந்தப் பிள்ளை வாய்க்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறது, எது தூங்குகிற மாதிரி நடிக்கிறது என்று பார்த்த பார்வையிலேயே கண்டுபிடிக்கிறவளிடம் பிள்ளையை விட யாருக்குத்தான் கசக்கும்?

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கூடத்துத் தரையில் முகம் பார்க்கலாம். வாசல் குப்பைத் தொட்டியைக்கூடத் தினமும் கழுவிக் கவிழ்ப்பாள். பிள்ளையை விட வருகிறவள் முதலில் பார்ப்பது அந்தத் தொட்டியைத்தான் என்பது அவள் கணக்கு. அதில் அசிங்கமாக ஒரு துண்டுத் தாள் கிடக்கக் கூடாது. டயபரைப் பையில் கட்டி அந்தந்த அம்மா கையிலேயே கொடுத்தனுப்பிவிடுவாள். பிள்ளைகளின் வாய், கை, பின்புறம் துடைக்கிற ஈரத்தாள் இருக்கிறதே, வைப்ஸ், அதையெல்லாம் கக்கூஸில் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவாள். நீரில் கரையும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. உலகத்தில் அவள் சந்தேகப்படாமல் நம்பியது அந்த ஒரு வரியைத்தான்.

வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் காற்றும் வீசாமல் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிற ஒரு காலையில்தான் சத்தம் ஆரம்பித்தது. அவள் புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா?"

"என்னத்த?"

"பாத்ரூம்ல. களுக் களுக்னு."

"தண்ணி போற சத்தம்."

"போற சத்தம் இல்லைங்க. வர்ற சத்தம்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் கேட்டது. ஒத்துக்கொண்டால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்குமே என்று முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"அவ ஏதோ பண்றா," என்றாள் பெரியவள்.

"எவ?"

"எவளாம்! உங்க தம்பி பொண்டாட்டிதான். தொட்டி அவ பக்கம்தானே இருக்கு?"

"அவ பாட்டுக்கு உட்கார்ந்து தலையணை தைக்கிறா. அவளுக்கு நம்ம சாக்கடைக்குள்ள என்ன ஜோலி?"

"அதைத்தான் நானும் சொல்றேன். தலையணைன்னா பஞ்சு. அவ்ளோ பஞ்சும் எங்க போகும்?"

"தலையணைக்குள்ள போகும்."

"உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

சின்னவள் வீட்டில் இருந்தபடியே தலையணை உறை தைத்துப் பஞ்சடைத்துக் கடைக்குக் கொடுக்கிறவள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவது குறைவு. அவள் வாசலைத் தாண்டி வருவதே அரிது. வந்தாலும் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், சிரித்தால் பாதி வாய்தான் திறப்பாள். அந்தப் பாதிச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பெரியவளால் சுவர் எழும்பிய நாளிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் குப்பை வண்டி வருவதற்கு முன்னாலேயே வாசலுக்குப் போய், தொட்டியில் சின்னவள் போட்டிருந்த பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். காய்கறித் தோல், டீத்தூள், அறுந்த நூல், ஒரு உடைந்த ஊசி, சோப்பு உறை. விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். பஞ்சு மட்டும் ஒரு துளி இல்லை.

"என்னம்மா, ஏதாச்சும் தொலைஞ்சிடுச்சா?" பின்னால் வண்டிக்காரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஸ்பூன்," என்றாள் பெரியவள் சட்டென்று.

"அது அந்த வீட்டுப் பையாச்சே?"

"பிள்ளைங்க தூக்கிப் போட்டிருக்கும்."

"சுவரைத் தாண்டியா?" என்று கேட்ட வண்டிக்காரம்மா, பதிலுக்குக் காத்திருக்காமல் பையை வாங்கி வண்டியில் போட்டாள். "என்னமோ போங்க. தெருவிலேயே உங்க வீட்டுத் தொட்டிதான் சுத்தம். மத்தவங்களுதைத் தூக்கினா மூணு நாளைக்குச் சோறு இறங்காது."

இந்தப் பாராட்டு மற்ற நாளாக இருந்தால் பெரியவளுக்குக் கற்கண்டு. இன்றைக்கு மனசு முழுக்கப் பஞ்சு. நாளெல்லாம் பஞ்சோடு புரளுகிறவள் வீட்டுக் குப்பையில் ஒரு துளிப் பஞ்சு இல்லை என்றால் என்ன அர்த்தம்? சிந்துகிறதைக் கூட்டி எங்கே தள்ளுகிறாள்? வேறெங்கே, தண்ணீரோடுதான். இருந்திருந்தாலும் குற்றம்தான், இல்லாமல் போனது அதைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது.

உள்ளே போகத் திரும்பினாள். சின்னவள் வாசலில் காலிக் குடத்தோடு நின்றாள்.

"அக்கா, தண்ணி நூல் மாதிரி வருது. வால்வைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்?"

"இல்ல, போன வாரமும் இப்படித்தான் வந்துச்சு. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

"தானா சரியானா தண்ணி ஆபீஸ்ல கேளு. என்னைக் கேட்டா? உன் பக்கம் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தியா? எங்க பாத்ரூம்ல சத்தம் வருது."

"நான் எதுக்குக்கா அதைத் திறக்கறேன்?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். போன வாரம் வால்வைக் கொஞ்சம் இறுக்கியதும் நேற்று ராத்திரி மறுபடி இறுக்கியதும் பெரியவள்தான். சுவரின் அந்தப் பக்கம் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பிள்ளைகளை எழுப்பிவிட்டாள் என்று முதல் தடவை கோபம், களுக் களுக் சத்தத்துக்கு இரண்டாம் தடவை. முழுசாக மூடிவிட மாட்டாள், அந்த அளவுக்குக் கெட்டவள் இல்லை. குழம்பில் உப்பைக் குறைக்கிற மாதிரி லேசாக ஒரு திருப்பு. அன்றைக்கும் உள்ளே வந்ததும் நேராக மீட்டர் பக்கம் போனாள். "தொட்டியைத் திறக்க மாட்டாளாம்ல," என்று முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

அன்றைக்கு மத்தியானம் புருஷன் வேலைக்குக் கிளம்பிய பிறகு சாக்கடை பொங்கிவிட்டது.

பிள்ளைகளுக்குச் சோற்றையும் பருப்பையும் குழைத்து ஊட்டி முடித்துப் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். பாத்ரூம் பக்கமிருந்து முதலில் நாற்றம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், தரைச் சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வெளியே வருகிறது. வாசற்படியைத் தாண்டி, முகம் பார்க்கிற கூடத்துத் தரையில் நிதானமாக ஊர்ந்து வருகிறது. துணியைச் சுருட்டி அணை கட்டினாள். மண் அள்ளிக் கொட்டினாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தாள்.

"பெரியம்மா, கடல் வருது!" என்று கைதட்டியது ஒன்று.

அந்த நேரம் பார்த்தா பேங்க்கம்மா வர வேண்டும்? அவளுக்கு அன்றைக்கு அரைநாள் லீவாம். வங்கியில் வேலை பார்க்கிற அவள்தான் இந்தக் காப்பகத்துக்கு முதல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவள், மற்ற தாய்மாரில் பாதிப் பேரை அழைத்து வந்தவளும் அவள்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது?"

"இப்பதாம்மா வந்துச்சு. சத்தியமா இப்பதான். எங்க வீட்டுது இல்ல. பக்கத்து வீட்டுப் பஞ்சு வந்து அடைச்சிருக்கு."

"யாரு வீட்டுதா இருந்தா என்ன? பிள்ளைங்க இருக்கிற இடம். அடுத்த வாரம் சுகாதார ஆபீசர் லைசென்ஸ் புதுப்பிக்க வர்றார்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த நாத்தத்தைப் பார்த்தா வாசலோட திரும்பிடுவாரு."

"அதுக்குள்ள சரி பண்ணிடுறேன்மா."

"பண்ணுங்க. இல்லைன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நான் போனா மத்தவங்களும் என்கிட்ட காரணம் கேப்பாங்க." பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரியவள் மறுபடியும் துடைப்பத்தை எடுத்தாள். காப்பகம் போனால் என்ன இருக்கிறது? அச்சகத்தில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதைவிட, பிள்ளைகள் இல்லாத கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் என்ன செய்வாள்? யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? அழுகை முட்டியது. அழுதுகொண்டே தரையைத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க அழுகை கோபமாக மாறியது. "திட்டம் போட்டுப் பண்றா. என் பொழப்பு அவ கண்ணை உறுத்துது," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், கேட்கட்டும் என்று சத்தமாகவே.

மறுநாள் காலையில் பிள்ளைகளோடு புருஷனை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் ஆபீஸ் போனாள். கவுன்ட்டரில் இருந்தவர் அடைப்பு எந்த வீட்டில் என்று கேட்டார்.

"அடைச்சது அந்த வீடு. பொங்கினது என் வீடு."

"ரெண்டும் ஒரே நம்பர்தானேம்மா காட்டுது?"

"நம்பர் ஒண்ணுதான் சார். அடுப்பு ரெண்டு. அந்த வீட்டுல பஞ்சு வேலை நடக்குது. கழிவுப் பஞ்சையெல்லாம் குழாய்ல தள்ளுறாங்க. நீங்க வந்து எல்லார் முன்னாடியும் திறந்து பாருங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா சார். அப்பதான் திருந்துவாங்க."

அடைப்பு எடுக்கிற லாரி அடுத்த நாளே வந்தது. தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அதன் வயிற்றிலிருந்து தடித்த குழாயை இழுத்துக்கொண்டு இரண்டு பேர் சின்னவள் கொல்லைக்குள் போனார்கள், பின்னாலேயே சூப்பர்வைசர். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், பால்காரர், பெயின்டர் மனைவி என்று தெருவில் பாதிப் பேர் வேடிக்கைக்கு. காலையில் பிள்ளையை விட வந்த பேங்க்கம்மாவும், "என்னதான் ஆச்சுன்னு பார்த்துட்டுப் போறேன்," என்று நின்றுவிட்டாள். பெரியவளுக்கு அது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. பார்க்கட்டும்.

சின்னவள் சமையற்கட்டு வாசலில் நின்றாள். தலையில் பஞ்சு. அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார் சூப்பர்வைசர். மூலையில் கூரை வரைக்கும் பஞ்சு மூட்டைகள். "ம்," என்று ஒரு சத்தம் போட்டார். அந்த ஒரு "ம்"மிலேயே வழக்கு முடிந்துவிட்ட மாதிரி கூட்டத்தில் தலைகள் ஆடின.

மூடியைப் பெயர்த்தார்கள். குழாய் உள்ளே போனது, லாரி உறுமியது, தண்ணீர் சீறியது. ஒன்றும் நகரவில்லை. பூட்ஸ் போட்ட ஆள் நீளக் கம்பியின் கொக்கியை உள்ளே விட்டு இழுத்தார். பாதி வந்து நின்றது. கூட இருந்தவரும் பிடித்து இழுத்தார். வெள்ளையாகவும் இல்லாமல் சாம்பலாகவும் இல்லாமல், முறுக்கின கயிறு மாதிரி, ஆள் கை தடிமனுக்கு ஒன்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. குடம் குடமாகக் கறுப்புத் தண்ணீர் மடமடவென்று தெருக்குழாய்க்கு இறங்கியது.

"பஞ்சேதான்!" என்றாள் பெயின்டர் மனைவி.

"நான் சொல்லலை?" என்றாள் பெரியவள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டே, ஆசை தீரப் பார்க்கலாம் என்று கிட்டே போய்க் குனிந்தாள்.

கொக்கியின் நுனியில் ஒரு துண்டு பிரிந்து தொங்கியது. அதில் சின்னச் சின்னதாக மஞ்சள் வாத்துகள். வரிசையாக நீந்துகிற வாத்துகள். அத்தனை நாள் சாக்கடையில் ஊறியும் அலகுகூட அழியவில்லை.

பெரியவள் வாங்குகிற ஈரத்தாளில் இருக்கிற அதே வாத்து. அந்த வாத்து பாக்கெட்டை மொத்தமாக வாங்கிக் கட்டிலடியில் அடுக்கி வைத்திருந்தாள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் நல்ல கம்பெனியாச்சே என்று வாங்கியது. தலையை நிமிர்த்தினாள். நேரெதிரே சின்னவள். அவளும் வாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரியவளைப் பார்த்தாள்.

"யாரு வீட்டுதும்மா இது?" என்று கேட்டார் சூப்பர்வைசர். அவர் தள்ளி நின்றிருந்தார், சட்டையில் தெறிக்கக் கூடாது என்று. பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "இது துணியா, பஞ்சா? தானா சொல்லிட்டா நல்லது."

பெரியவள் வாயைத் திறக்கத்தான் நினைத்தாள். பேங்க்கம்மாவின் சென்ட் வாசனை பின்னாலேயே வந்தது. இப்போது சின்னவள் சொல்லப்போகிறாள், இத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுதுதாங்க," என்றாள் சின்னவள். "பஞ்சுதான். தெரியாம போயிருக்கும்."

பூட்ஸ் போட்டவர் கொக்கியைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். நமக்கெதற்கு என்று அந்தச் சுருளைச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"தெரியாம எப்படிம்மா போகும், இவ்ளோ?" என்று கத்தினார் சூப்பர்வைசர். "பக்கத்துல பச்சைப் பிள்ளைங்க இருக்கு. இனிமே இந்த வீட்டுல பஞ்சு வேலை கிடையாது. இந்த மூட்டையெல்லாம் ரெண்டு நாள்ல காலி பண்ணணும். மறுபடி வந்து பார்ப்பேன். இருந்துச்சு, லைனை அடைச்சுட்டுப் போயிடுவேன்."

சின்னவளின் முகம் அப்போதுதான் மாறியது. இந்த அளவுக்குப் போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மறுபடியும் ஒரு தடவை பெரியவளைப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெரியவள் புடவைத் தலைப்பை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள், நாற்றத்துக்குப் பொத்துகிற மாதிரி.

"அப்பாடா, உங்க மேல தப்பில்லை," என்று சொல்லிவிட்டுப் பேங்க்கம்மா வேலைக்குப் போனாள்.

பெரியவள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு குழைத்தாள். பருப்பு போட மறந்து, வெறும் சோற்றை ஊட்டினாள். புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டே, "எல்லாம் சரியாச்சுல்ல?" என்று கேட்டார். "ஆச்சு," என்றாள். அவர் போனபிறகு தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினாள்.

எதற்காகச் சொன்னாள்? சும்மா ஒருத்தி அடுத்தவள் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்வாளா? ஏதோ இருக்கிறது. வால்வைத் தன் பக்கம் மாற்றிக் கேட்கப் போகிறாளோ? சுகாதார ஆபீசர் வருகிற அன்றைக்குச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறாளோ? இல்லை, காலத்துக்கும் என்னைத் தலைகுனிய வைக்கலாம் என்றா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. மூட்டை மூட்டையாகப் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறவள் இப்படி ஒரு காரியம் செய்து யாருக்கு என்ன லாபம்? பொறுக்க முடியாமல் எழுந்தாள். வாசல் வழியாகப் போய் அந்தக் கதவைத் தட்டினாள். சுவர் எழும்பிய பிறகு அந்தக் கதவை அவள் தட்டுவது இதுதான் முதல் தடவை.

சின்னவள் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு துளிப் பஞ்சு இல்லை, பெருக்கி வாரி ஒரு பையில் அமுக்கி வைத்திருந்தாள்.

"அது என்ன பை?" என்றாள் பெரியவள், கேட்க வந்ததை விட்டுவிட்டு.

"சிந்தினது. கடைக்காரர் எடை போட்டுத்தான் பஞ்சு கொடுப்பாரு, எடை போட்டுத்தான் வாங்குவாரு. சிந்தினதையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கணும்."

பெரியவள் அந்தப் பையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எதுக்கு அப்படிச் சொன்ன?"

சின்னவள் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். உனக்கு என்ன வேணும் என்கிட்ட?"

"ஒண்ணும் வேணாம்க்கா."

"ஒண்ணும் வேணாமலா சொன்ன?"

சின்னவள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு நின்னேன். வாயைத் திறப்பீங்க, இப்ப திறப்பீங்கன்னு. அந்த ஆளு பேனாவைத் திறந்துட்டாரு. நீங்க திறக்கலை. உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலைக்கா. எங்கம்மாவை ஒரு தடவை கடையில திருடின்னு சொல்லி நிறுத்தி வச்சிருந்தாங்க. அப்ப அம்மா மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு. அவங்க எடுக்கவே இல்லை, ஆனா மூஞ்சி அப்படி இருந்துச்சு. என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியலை, அவ்ளோதான். பஞ்சை எடுக்கச் சொல்லுவாருன்னு தெரிஞ்சிருந்தா ஒருவேளை சொல்லியிருக்க மாட்டேனோ என்னமோ."

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சந்தேகப்பட்ட எந்த ஒன்றிலும் இப்படி ஒரு காரணம் அவளுக்குத் தோன்றியதில்லை. வெட்கம் காதுமடல் வரை சுட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, என்ன சொன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"வால்வைத் திருகினதும் நான்தான்," என்றாள்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நீங்க திருகும்போது 'கீச்'சுன்னு சத்தம் வரும். சுவருக்கு இந்தப் பக்கம் நல்லாவே கேக்கும்."

பெரியவள் சுவரைப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று, "அந்தக் கயித்தை அவிழு. மூட்டையைக் கட்டாத," என்றாள். "என்கூட வா. பிள்ளைங்க தூங்குதுங்க. எந்திரிச்சா பால் கொடு. ஓரத்துல படுத்திருக்கிறது விரல் சூப்பும், இழுக்காத, அழும். நான் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன். மூடறதுக்குள்ள போகணும்."

"நானா? பிள்ளைங்களை நானா பார்த்துக்கறது?"

"பின்ன யாரு இருக்கா?"

பெரியவள் பிள்ளைகளை அடுத்தவர் கையில் விட்டதே இல்லை, புருஷனை விட்டாலும் ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கும் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. போய்க்கொண்டே இருந்தாள்.

சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இருங்க, இருங்க. அவங்க மேல புகார் கொடுத்தது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"இப்ப உங்க மேல நீங்களே கொடுக்குறீங்க?"

"ஆமா. அது பஞ்சு இல்ல, வைப்ஸ். நான்தான் போட்டேன். கரையும்னு போட்டிருந்துச்சு. அவ பஞ்சு ஒரு துளி வெளிய போகாது சார், நானே குப்பையைக் கிளறிப் பார்த்திருக்கேன்."

"குப்பையை எதுக்கும்மா கிளறினீங்க?"

"அது வேற கதை சார்."

அவர் சிரிக்கவில்லை. "அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும். ஆனா இதை நான் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லியாகணும். காப்பகத்துக் கழிவுன்னு தெரிஞ்சப்புறம் மறைச்சா நாளைக்கு என் தலை உருளும். அவங்க வந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் பிள்ளைங்களைச் சேர்க்காதீங்க. திறக்க விடுறதும் விடாததும் அவங்க இஷ்டம்."

"சரி சார்," என்றாள்.

திரும்பி வந்தபோது தாய்மார் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகிற நேரம். மழை சொட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் பேங்க்கம்மா, பிள்ளையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கட்டிலோரம் சின்னவள், குற்றவாளி மாதிரி.

"என்னங்க இது?" என்றாள் பேங்க்கம்மா. "இவங்ககிட்டயா பிள்ளைங்களை விட்டுட்டுப் போனீங்க? சாக்கடையை அடைச்சது இவங்கதானே?"

மற்ற தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லம்மா," என்றாள் பெரியவள். "அடைச்சது நான். உங்க பிள்ளைங்களைத் துடைச்ச வைப்ஸை நான்தான் கக்கூஸ்ல போட்டேன். காலையில என் வாய் அடைச்சுப் போச்சு, இவ பழியை ஏத்துக்கிட்டா. இவ என் ஓரகத்தி. நாளையிலேர்ந்து காப்பகம் லீவு. ஆபீசர் வந்து பார்த்துட்டு என்ன சொல்றாரோ தெரியலை."

பேங்க்கம்மா குடையை விரித்துப் பிள்ளையை அணைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எப்போதும் சொல்கிறதைச் சொல்லாமல் இறங்கிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தராகப் போனார்கள். ஒருத்தி மட்டும், "திறந்தா ஃபோன் பண்ணுங்கக்கா," என்றாள்.

கூடம் காலியாகிவிட்டது. அவ்வளவு பெரிய கூடமா அது என்று இருந்தது.

"திறக்க விடுவாங்களாக்கா?" என்றாள் சின்னவள்.

"தெரியலை."

பெரியவள் அடுப்படிக்குப் போனாள். டீ போடத்தான் போனாள். கை தன்பாட்டுக்குப் போய்ப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தது. பார்த்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது.

"பிள்ளைங்களுக்குத்தான் கொடுத்தேன்," என்றாள் பின்னாலேயே வந்து நின்ற சின்னவள். "நான் ஒண்ணு தின்னேன்."

பெரியவள் டப்பாவைப் படக்கென்று மூடினாள். மூடியதை மறுபடி திறந்து, சின்னவள் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு தின்னு," என்றாள்.